பளிங்குக் கல்லறைக் கற்களில் ஆசிட் ஊற்ற விடாதீர்கள்

பாசி படிந்து கருத்துப்போயிருந்த என் தாத்தாவின் கல்லறைக் கல்லைச் சுத்தம் செய்ய, இதையே தொழிலாகச் செய்வதாகச் சொன்ன ஒருவரிடம் அண்மையில் வேலையை ஒப்படைத்தேன். என்ன மருந்து போடுவீர்கள் என்று கேட்டதற்கு, "கல்லுக்கென்றே உள்ள மருந்து, ஒரு மணி நேரத்தில் புதுக் கல் போல ஆகிவிடும்" என்றார். மேற்கொண்டு கேட்காமல் விட்டதற்காக இன்றும் வருந்துகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கல்லெங்கும் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. அழுக்கு கரைகிறது என்றார் அவர், கரைந்துகொண்டிருந்தது கல். பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை என்பதால், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பட்டவுடன் கரைந்து கரியமில வாயுவை வெளியிடுகின்றன. நுரையாகத் தெரிவது அந்த வாயுதான். நான் தடுப்பதற்குள் கம்பி பிரஷால் தேய்த்து, பிரஷர் வாஷரால் பீய்ச்சியும் முடித்துவிட்டார்.

கல் வெள்ளை வெளேரென்று ஆனது உண்மை. ஆனால் உலர்ந்த பின் விரலால் தடவியபோது சர்க்கரையைப் போல மணி மணியாக உதிர்ந்தது. தாத்தா மறைந்த ஆண்டின் கடைசி இலக்கம் 3ஆ 8ஆ என்று இப்போது கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சில வாரங்களில், கம்பித் துகள் சிக்கிய இடங்களில் துருப்புள்ளிகளும் தோன்றின. முறையிட்டபோது பணத்தைத் திருப்பித் தர மறுத்து, மேலே ஒரு பூச்சு அடித்துத் தருவதாகச் சொன்னார். அப்படிப்பட்ட பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்து மேற்பரப்பைப் பெயர்த்துவிடக்கூடும் என்பதால் வேண்டாம் என்றேன்.

சுத்தம் செய்யும் முன் கல்லை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலான ஓசை வந்தாலோ, செதில் செதிலாகப் பெயர்ந்தாலோ தொடாமல், கற்களைப் பாதுகாக்கப் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள். உறுதியான கல்லுக்கு முதலில் வெறும் தண்ணீர் போதும். நன்றாக நனைத்து ஊறவிட்டு, மிருதுவான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்கு நீர் காய்ந்த பகுதியில் கோடாகப் பதிந்துவிடும். ஒட்டிய பாசியை மரக்குச்சியால் சுரண்டலாம், உலோகம் கூடாது. பிளீச்சும் வேண்டாம்: அது விட்டுச்செல்லும் உப்பு, கல்லின் நுண்துளைகளில் படிகமாகி உள்ளிருந்தே உடைக்கும். பாசியைக் கொல்வதற்கென்றே உள்ள, ஆசிட்டும் பிளீச்சும் இல்லாத கரைசல்கள் கிடைக்கின்றன. அவை வேலை செய்ய வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். ஒரு மணி நேரத்தில் கல்லைப் புதிதாக்குவேன் என்று யாராவது சொன்னால், மருந்தின் பெயரையும் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எங்கள் கல்லில் எஞ்சியிருக்கும் எழுத்துகளை, சாய்வாக வெயில் விழும் மாலை நேரத்தில், ஒவ்வொரு வரியாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் வேலையைத் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.