“டிஸ்க் ஃபுல்” என்று சொல்லி எஸ்எஸ்டி தலையில் கட்டினார்கள்: ரூ.17,800 போச்சு, உஷார்!

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு வேறு யாராவது இதே மாதிரி பணத்தைக் கட்டிவிட்டு நிற்பார்கள். ரூ.17,800. எங்களுடையது மருந்து மொத்த விற்பனைக் கடை. எங்கள் டெலிவரி தம்பிக்கு ஒரு மாதச் சம்பளமே அவ்வளவு வராது.

ஆபீஸ் சர்வரில் இருப்பது ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் மாதிரியே ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். அண்ணன் போட்டுக் கொடுத்தது, வருஷக்கணக்காக மக்கர் பண்ணாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாக், பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி தேதி எல்லாம் பார்க்கிற சாஃப்ட்வேர் மட்டும் லினக்ஸுக்கு எழுதியது. அதை ஃப்ரீபிஎஸ்டியின் லினக்ஸ் எமுலேஷனில் ஓட்டுகிறோம். உள்ளே தனியாக ஒரு லினக்ஸ் கிடையாது. லினக்ஸ் புரோகிராம் கேட்பதை ஃப்ரீபிஎஸ்டியின் மையப் பகுதியான கெர்னலே புரிந்துகொண்டு செய்து கொடுக்கும், அவ்வளவுதான்.

மாதக் கடைசி, கம்பெனிகளுக்கு எக்ஸ்பயரி ரிட்டன் லிஸ்ட் அனுப்ப வேண்டிய நேரம். சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேன் என்றது. திரையில் ஒரே வரி: “நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்”. அண்ணன் வெளிநாட்டில், போனில் கிடைக்கவில்லை. வீட்டுக்கே டெக்னீஷியன் அனுப்பும் ஒரு ஆன்லைன் சேவைத் தளத்தில் “சர்வர் ரிப்பேர், சரிபார்க்கப்பட்ட நிபுணர்” என்று பார்த்து புக் செய்தேன். தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

வந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, திரையை ஒரு தடவை பார்த்தார். “மேடம், இங்கிலீஷ்லயே சொல்லுதே. இடம் இல்ல. டிஸ்க் ஃபுல்.” டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை போட்டுக் காட்டினேன். பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அதற்கு அவர் சொன்ன பதிலை மறக்கவே மாட்டேன்: “எமுலேஷன்ல அது சரியா காட்டாது மேடம்.” எவ்வளவு உறுதியாகச் சொன்னார் தெரியுமா! “டேட்டா ஒண்ணுகூட போகாது, என் பொறுப்பு. நாளைக்குக் காலையில பில் போட்டுடலாம்” என்றும் சொன்னார். ரிட்டன் லிஸ்டுக்குக் கெடு வைத்துக்கொண்டு கம்பெனி ஆட்கள் போன் மேல் போன் போடும்போது, இப்படி ஒருவர் தைரியம் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? எஸ்எஸ்டிக்கு 11,300, வேலைக்கு 6,500. மொத்தம் ரூ.17,800, கார்டில் கட்டினேன்.

புது டிஸ்க் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, டேட்டாவை நகலெடுத்து, ரீபூட் செய்தார். சாஃப்ட்வேர் திறந்தது. ஒரு பில் அடித்தும் காட்டினார். உடனே “ஓடிபி சொல்லுங்க மேடம், வேலை முடிஞ்சதுன்னு போடணும்” என்று போனை நீட்டினார். அந்த ஓடிபி போனதும் தளம் பணத்தை அவருக்கு விடுவித்துவிட்டது.

சில நாள்தான். மறுபடி அதே வரி. புது டிஸ்க், முக்கால்வாசி காலி, அப்போதும் “இடம் இல்லை”. அதோடு முன்பு ஒழுங்காக ஓடிய ரிப்போர்ட் பகுதியும் திறந்த கையோடு செத்து விழுந்தது. அவருக்குப் போன் செய்தால், “அது உங்க சாஃப்ட்வேர் பிரச்னை மேடம்.” அடுத்த முறை, “ரேம் பத்தல, 16 ஜிபி போட்டுடலாம், ரேட் அனுப்பவா?” அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. தளத்தின் சாட்டில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயரில் ஆள் வந்து, முதலிலிருந்து கதை கேட்டார்கள். கடைசியில், “எஸ்எஸ்டி வேலை செய்கிறதா?” ஆம் என்றேன். “அப்படியானால் சேவை முழுமையாக முடிந்துவிட்டது, வாரன்டி ஹார்டுவேருக்கு மட்டும்” என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். ரூ.17,800 வாங்கியவர்களுக்கு, டிஸ்க்கில் கோளாறே இல்லை என்பதைக் கேட்கக்கூடப் பொறுமை இல்லை.

கடைசியில் கண்டுபிடித்தது, அண்ணனுடைய பழைய நண்பர். ஃப்ரீபிஎஸ்டியிலேயே ஊறியவர். எர்ரரைப் படித்துக் காட்டியதுமே, “தங்கச்சி, இது டிஸ்க் இல்லம்மா, ஷேர்ட் மெமரி” என்றார். பல புராசஸ்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள், ஒரே நினைவகத் துண்டைப் பொதுவாக வைத்துக்கொள்ள கெர்னலிடம் கேட்டு வாங்கும். அப்படி எத்தனை துண்டு கொடுக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. அது தீர்ந்தாலும் கெர்னல் அனுப்புவது இதே “நோ ஸ்பேஸ்” எர்ரர்தான். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் ஷேர்ட் மெமரிக்காக இந்த எர்ரரைக் காட்டும்போது, டிஸ்க் நிறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை என்று கூடவே ஒரு குறிப்பும் வெளிப்படையாகக் காட்டும். “நிபுணர்” அதைப் படித்திருக்க வேண்டாமா?

இந்தத் துண்டுகளைப் பட்டியல் போடும் ஐபிசிஎஸ் கட்டளையைப் போடச் சொன்னார், ஒவ்வொன்றிலும் எத்தனை புராசஸ் ஒட்டியிருக்கிறது என்றும் சேர்த்துக் காட்டும்படி. திரை நிறைய ஓடியது. எல்லாத் துண்டுகளும் எங்கள் சாஃப்ட்வேரின் பயனர் பெயரில். அந்த எண்ணிக்கையைக் காட்டும் கடைசி நெடுவரிசையில் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். யாரும் பயன்படுத்தாத, கேட்பாரற்ற துண்டுகள். புரோகிராம் பாதியில் செத்தால் இந்தப் பழைய சிஸ்டம் ஃபைவ் வகைத் துண்டுகள் தானாகப் போகாது. ஐபிசிஆர்எம் கட்டளையால் அழிக்க வேண்டும், அல்லது ரீபூட் செய்ய வேண்டும். அன்றைக்கு “சரி” ஆனது அந்த ரீபூட்டால். பதினோராயிரத்து முந்நூறு ரூபாய் டிஸ்க்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதில் வயிறு எரியும் விஷயம் இன்னொன்று. சர்வர் தொடங்கும்போது எதை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அண்ணன் ஒரு வரி வைத்திருந்தார்: லினக்ஸ் அடைவுக்குள் இருக்கும் டெவ் எஸ்எச்எம் என்ற இடத்தில், நினைவகத்திலேயே இயங்கும் டிஎம்பிஎஃப்எஸ் மவுண்ட் ஆகும் வரி, எல்லோரும் எழுதலாம் என்ற 1777 அனுமதியோடு. புது வகை ஷேர்ட் மெமரிக்கு லினக்ஸ் புரோகிராம்கள் அந்த இடத்தைத்தான் தேடும். புதிதாக நிறுவியவர் அந்த வரியை விட்டுவிட்டார். அதனால் ரிப்போர்ட் ஒவ்வொரு முறை விழும்போதும் பழைய வகைத் துண்டுகளை விட்டுவிட்டு விழுந்தது. முன்பு பல மாதத்தில் நிறைந்தது, இப்போது சில நாளிலேயே நிறைந்தது அதனால்தான். இருந்த கோளாறைப் பெரிதாக்கிக் கொடுக்கத்தான் ரூ.17,800!

அந்த வரியைத் திரும்பச் சேர்த்து, சாஃப்ட்வேரை நிறுத்திவிட்டு, பூஜ்யம் காட்டிய துண்டுகளை அழித்ததும் எல்லாம் ஓடியது. நண்பர் காசே வாங்கவில்லை.

விவரமாக வழிமுறை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, இப்போதைக்கு இவ்வளவுதான். “இடம் இல்லை” என்று வந்தால் முதலில் டிஎஃப், அடுத்து ஐபிசிஎஸ், இரண்டையும் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். ஜெயிலுக்குள் (ஃப்ரீபிஎஸ்டியில் புரோகிராம்களைத் தனியாக அடைத்து ஓட்டும் வசதி) ஓட்டுபவர்கள் அந்த ஜெயிலுக்கு ஷேர்ட் மெமரி அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். யார் கை வைப்பதற்கு முன்னாலும் எஃப்எஸ்டேப் கோப்பையும், கெர்னல் அமைப்புகள் இருக்கும் சிஸ்சிடிஎல் கோப்பையும் நகலெடுத்து வையுங்கள். ஓடிபியை அன்றைக்கே கொடுக்காதீர்கள், நாலு நாள் ஓடட்டும்.

ரூ.17,800-க்கு பேங்கில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன். சாட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கொடுத்தாயிற்று. பதில் வந்ததும் இதிலேயே எழுதுகிறேன்.