பிஸ்டல் லைசன் எடுத்துத் தருகிறேன் என்று வருபவனிடம் சல்லி கொடுத்துவிடாதீர்கள்

கந்தப்பளை, நானுஓயா, வெலிமடைப் பக்கம் மரக்கறி வியாபாரம் செய்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் போய்விட்டது, வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போகிறவன். திரும்பும்போது கையில் காசு இருக்கும், இறம்பொடை ஏற்றத்தில் பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற லொறியின் பின்விளக்குகூடத் தெரியாது. 2024 ஜூலையில் மாமா மகனை அந்த வழியில் மறித்து, அடித்து, எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். அதிலிருந்து இடுப்பில் ஒரு சின்னத் துவக்கு இருந்தால் என்ன என்ற நினைப்பு என்னை விடவில்லை.

துவக்கு எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. பன்றி விரட்ட அப்பாவிடம் 12 போர் ஒன்று இருந்தது, வருடா வருடம் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போய் லைசனைப் புதுப்பிப்பார். தற்பாதுகாப்புக்குப் பிஸ்டல் என்றால் அது கச்சேரியோடு முடியாது, பாதுகாப்பு அமைச்சுவரை போகவேண்டும் என்பதும், அனுமதி முதலில், துவக்கு அப்புறம்தான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன்.

தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கண்டியில் ஒரு புரோக்கர் கிடைத்தான். ஐம்பது வயதிருக்கும், "ஐயா, ஐயா" என்று மரியாதையான பேச்சு. என் தொழிலையோ ஆபத்தையோ பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. போனை எடுத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டி, "இதில் எது ஐயாவுக்குப் பிடிக்கும்?" என்றான். நகைக்கடையில் தோடு காட்டுவது மாதிரி. அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். அன்றிரவே இன்டர்நெட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

க்ளொக் 19 என்ற பிஸ்டலில் 15 ரவை, அதாவது தோட்டா, பிடிக்கும், ஆனால் பிடி நீளம். க்ளொக் 43இல் 6 ரவைதான், தடிப்பு ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. சிக் பி365 என்ற இன்னொரு பிஸ்டல் அதே அளவுக்குச் சின்னதாக இருந்தும் 10 ரவை பிடிக்கும். அளவுகளைப் பார்த்து பிஸ்கட் பெட்டி மட்டையில் மூன்றையும் வெட்டி, பெல்டுக்குள் செருகி, மேலே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு லொறி சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். குழலின் நீளம் ஒரு பிரச்சினையே இல்லை, அது காற்சட்டைக்குள் போய்விடுகிறது. குனிந்து ஹேன்ட் பிரேக்கை இழுக்கும்போது பிடியின் அடிப்பக்கம்தான் ஸ்வெட்டரைத் தள்ளிக்கொண்டு நிற்கும், 19 அப்பட்டமாகத் தெரிந்தது. 43ஐ வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன், மனைவிக்கே தெரியவில்லை. பெருமையாக இருந்தது. மட்டைக்குப் பெருமை!

இந்தக் கூத்தில் லைசன் விண்ணப்பத்தின் நகலைக் கேட்க மறந்தே போனேன். "பைல் நகர" ஒரு லட்சம், "ரிப்போர்ட்டுக்கு" 75 ஆயிரம் என்று கேட்கக் கேட்கக் கொடுத்தேன், ஒரு துண்டு ரசீதுகூடக் கிடையாது.

அப்புறம் அந்த அறிவிப்பு வந்தது. தற்பாதுகாப்புக்கு லைசனோடு துவக்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் 2024 நவம்பர் 7க்கு முன் அவற்றை வெலிசறையில் கடற்படையிடம் கையளிக்க வேண்டும், மீளாய்வு செய்யப் போகிறோம் என்று பாதுகாப்பு அமைச்சு சொன்னது. இருப்பவனிடமே வாங்குகிறார்கள், எனக்கு எங்கே புதிதாகத் தருவார்கள்? போன் போட்டேன். அவன் அசரவில்லை. "அதனால்தான் ஐயா, ஒருவர் கையளிக்காமல் விற்கிறார். இப்போது எடுங்கள், லைசன் பின்னால் வரும்." இன்னும் 2 லட்சம் கேட்டான்.

அன்றே போனை வைத்திருக்க வேண்டும். போனேன். பேராதனைப் பக்கம் ஒரு வீடு, துவாயில் சுற்றிய ஒரு சாமான். ரவை போடும் மெகசினைக் கழற்றி, உள்ளே ரவை இல்லை என்று காட்டிவிட்டுத் தந்தான். பார்க்க அச்சு அசல் க்ளொக் மாதிரியேதான். என் போன் உறையின் மூடியில் காந்தம் இருக்கிறது, சும்மா ஸ்லைட்டில், அதாவது துவக்கின் மேல்பக்கத்து உலோகத்தில், வைத்தேன், ஒட்டவே இல்லை. க்ளொக்கின் ஸ்லைட் இரும்பு, ஒட்டியிருக்க வேண்டும். டோர்ச்சைக் குழல் வாயில் அடித்தேன், உள்ளே குறுக்கே உலோகம் அடைத்திருந்தது. மெகசினில் "9 எம்எம் பி.ஏ.கே." என்று பொறித்திருந்தார்கள். அது வெற்றுத் தோட்டா, குண்டு பறக்காது, சத்தமும் நெருப்பும்தான் வரும். வெளிநாடுகளில் ஓட்டப் பந்தயம் தொடங்கவும் நாய் பழக்கவும் விற்கிற சாமான்.

ஒன்றும் பேசாமல் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த 2 லட்சமாவது தப்பியது. ஆனால் அது நிஜத் துவக்காக இருந்திருந்தால்? பேராதனையிலிருந்து வீட்டுக்கு வர எத்தனை பொலிஸ் சோதனை! 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் பழசுதான், ஆனால் லைசன் இல்லாத துவக்கோடு பிடிபட்டவனுக்குப் பிணை எடுப்பதே பெரும்பாடு என்று லோயர் சொன்னபோது வயிறு கலங்கியது. பிள்ளைகள் படிக்கிற வீடு இது.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், நான் அந்த வீட்டுக்குப் போனதையும் மறைக்காமல் சொல்லித்தான். காசு வருமென்ற நம்பிக்கை இல்லை. இப்போது தம்புள்ளையிலேயே பாங்கில் போட்டுவிட்டு, டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு ஏறுகிறேன், இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று மனைவி சொல்லிக் காட்டாத நாளில்லை.

அவன் பழைய நம்பர் வேலை செய்யவில்லை, பதுளைப் பக்கம் திரிகிறான் என்று கேள்வி. ஒரு பக்கத்து மீசை கொஞ்சம் நரைத்திருக்கும், வெள்ளைக் கட்டைக் கைச் சட்டை. உங்களுக்கு என்ன ஆபத்து என்று கேட்காமல் போனை நீட்டி எது பிடிக்கும் என்று கேட்டால், அவனேதான்.