தாயில்லாக் குட்டிக்கு எந்த வழி? பின்னவல, உடவளவ, அப்புறம் நம்ம தேயிலை மலை

இலங்கையின் தேயிலை மலையில் தனியாக ஒரு காட்டு மிருகக் குட்டி கண்ணில் பட்டால், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் நாலு விதமான யோசனை கிளம்பும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பால் ஊத்தலாம் என்பார் ஒருவர். பின்னவல யானைக் காப்பகம் மாதிரி ஓர் இடத்தில் கொடுத்தால் காலம் பூரா பார்த்துக்கொள்வார்கள் என்பார் இன்னொருவர். வளர்த்துக் காட்டிலேயே திரும்ப விடுகிற இடமும் இருக்கிறது என்று படித்த பிள்ளை யாராவது சொல்லும். "கெடந்த எடத்துலயே விட்டுட்டு வாங்க" என்று வயசான கங்காணி சொன்னால் மட்டும் அவரைக் கல்நெஞ்சக்காரர் மாதிரிப் பார்ப்பார்கள்.

இந்த நாலு வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் உரசிப் பார்க்கிறேன். பால் யார் கொடுத்தாலும் குட்டியின் வயிறு நிறையும். ஆனால் இரை தேடவும் எதைக் கண்டு ஓடவேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் அது யாரிடம் கற்கும்? இதற்கான பதில் மிருகத்துக்கு மிருகம் மாறுவதால், சரியான வழியும் மாறிக்கொண்டே போகிறது.

யானையில் தொடங்கினால் விஷயம் தெளிவாகப் புரியும். மலைநாட்டின் உச்சிகளில் இன்று யானைக் கூட்டம் கிடையாது. வெள்ளைக்காரன் கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்டிய காலத்தோடு அவையும் போயின. நுவரெலியாவில் கல்லறை இருக்கும் மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே ஆள் சுட்டது மட்டும் 1,400க்கு மேல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் செத்ததை இன்றும் ஒருவித திருப்தியோடு சொல்கிறவர்கள் உண்டு. அதனால் யானைக் குட்டிகளுக்கான இரண்டு பெயர்பெற்ற இடங்களும் மலைக்குக் கீழேதான் இருக்கின்றன. ஒன்று கேகாலைப் பக்கம் பின்னவல. மற்றது ஹப்புத்தளையிலிருந்து வானம் தெளிந்த நாளில் குளம் மின்னுவது தெரிகிற உடவளவ.

பின்னவல 1975இல் தொடங்கியது. வில்பத்து, பெந்தோட்டை, தெகிவளை என்று குட்டிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மகா ஓயாக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 1978இல் அது மிருகக்காட்சிசாலைத் திணைக்களத்தின் கைக்குப் போனது. அதன் போக்கை முடிவு செய்தது இந்த மாற்றம்தான் என்பது என் எண்ணம். அநாதைக் குட்டிகளைக் காப்பாற்ற வந்த இடம் யானை வளர்க்கும் இடமாகிவிட்டது. 1984இல் அங்கேயே முதல் குட்டி பிறந்தது. இப்போது தலைமுறைகள் கடந்துவிட்டன. தினமும் மந்தையாக ஆற்றுக்குக் குளிக்க இறங்குவதைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து கூட்டம் வருகிறது. காசு கட்டி டிக்கெட் எடுத்தால் குட்டிக்குப் பால் போத்தலையும் பிடிக்கலாம்.

உடவளவையில் இருப்பது வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் தொடங்கிய யானை இடைத்தங்கல் நிலையம். அங்கே பார்வையாளர் தூரத்து மேடையில் உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும், தொட முடியாது. பால் நேரம் வந்ததும் குட்டிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவரும். வேலையாள் ரப்பர் குழாயை வாயில் கொடுத்து, மேலே பிடித்த புனலில் பாலை ஊற்றுவார். ஊற்றி முடித்த கையோடு, தடவல், கொஞ்சல் எதுவும் இல்லாமல், "போ, போ" என்று விரட்டிவிடுவார். இன்னும் வேண்டும் என்று தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நிற்கும் குட்டியைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "என்னா மனுசன் இவன், ஒரு வாய் கூட ஊத்துனா என்ன?" என்று வாய்விட்டே திட்டினார்.

அந்த விரட்டலுக்குக் காரணம் இருக்கிறது. பால் குடித்த குட்டிகள் மனிதனைச் சுற்றிக்கொண்டு நிற்காமல் கூட்டமாகக் காட்டுக்குள் போய் மேயவேண்டும். எந்தப் புல்லை வேரோடு பிடுங்குவது, எந்த மரத்தின் பட்டையை உரிப்பது, எங்கே தண்ணீர் என்பதையெல்லாம் மூத்த குட்டியைப் பார்த்து இளையது பழகும். ஐந்து வயதை ஒட்டி, சேர்ந்து வளர்ந்தவற்றைக் கூட்டாகவே காட்டில் விடுகிறார்கள். சிலவற்றின் கழுத்தில் ரேடியோப் பட்டியும் இருக்கும். 1998இல் முதல் தொகுதி போனது. இன்றைக்கு எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. விடப்பட்ட பெண் யானைகள் காட்டிலேயே குட்டி போட்டிருக்கின்றன.

யானைக்கு எது நல்லது என்று கேட்டால் தயங்காமல் உடவளவ என்பேன். ஆனால் பின்னவலயைத் திட்டித் தீர்ப்பவர்களோடும் நான் சேரமாட்டேன். மிதிவெடியில் ஒரு காலைப் பறிகொடுத்த சமாவையும், துப்பாக்கிச் சூடுபட்டுக் கண் தெரியாமல் போன ராஜாவையும் எந்தக் காட்டில் விட்டிருக்க முடியும்? திரும்பப் போக முடியாததற்கு ஓர் இடம் வேண்டும், அதைப் பின்னவல கொடுத்தது. எனக்குக் கசப்பது, நல்ல உடம்போடு வந்ததும் அங்கேயே தங்கிப்போனதுதான்.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே கிடைக்கிற குட்டி பெரும்பாலும் சிறுத்தைக் குட்டி. யானைக்குச் சொன்ன நியாயத்தை அப்படியே தூக்கி இதற்குப் போட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

முதலாவது, அது அநாதையாகவே இருக்காது. தாய்ச் சிறுத்தை குட்டிகளை அடர்ந்த தேயிலைச் செடிக்கு அடியிலோ மானாப்புல்லுக்குள்ளோ பாறை இடுக்கிலோ ஒளித்துவிட்டு இரை தேடிப் போகும். திரும்பி வர ஒரு நாள்கூட ஆகலாம். அந்த நேரத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் வரிசையான நிரை அந்த இடத்துக்கு வந்துவிடும். செடியை விலக்கினால் நீலம் பாய்ந்த கண்ணோடு, பூனைக்குட்டி அளவு உடம்பை வைத்துக்கொண்டு சீறும். "அய்யோ, தாயில்லாப் புள்ள" என்று யாராவது கொங்காணித் துணிக்குள் போட்டுத் தூக்கினால், அந்த நிமிடத்தில்தான் அது உண்மையாகவே அநாதையாகிறது.

மனித வாடை பட்டால் தாய் தொடாது என்று நம்மூரில் சொல்வது சரியில்லை. மகாராஷ்டிராவின் ஜுன்னர் பக்கம் கரும்புத் தோட்டங்களில் இதே கதை ஒவ்வொரு வெட்டுக்காலத்திலும் நடக்கிறது. எடுத்த குட்டியைப் பெட்டியில் வைத்து அதே இடத்தில் மாலையில் வைக்கிறார்கள். இரவில் தாய் வந்து கவ்விக்கொண்டு போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. சிறுத்தைக் குட்டிக்குத் தாயோடு ஒன்றரை வருடப் படிப்பு இருக்கிறது. மறைந்து போகவும் கழுத்தைப் பிடிக்கவும் ஆள் நடமாட்டம் இருந்தால் பகலில் அசையாமல் கிடக்கவும் தாய்தான் கற்றுத்தரும். கூடப்பிறந்த இன்னொரு குட்டிக்கும் இதெல்லாம் தெரியாது, யானைக் குட்டிகள் போல ஒன்றைப் பார்த்து ஒன்று பழக வழியே இல்லை. ஆகவே கங்காணி சொன்ன நாலாவது வழிக்குத்தான் என் ஓட்டு. விட்டுவிட்டு, விலகி, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற எண்ணுக்கு ஒரு போன்.

விலகுவது என்றால் சும்மா இல்லை. அந்த மலையில் அன்றைக்குக் கொழுந்து எடுக்கக்கூடாது. கொழுந்து எடுக்காவிட்டால் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளக் கணக்கு, விழாது. குட்டிக்காக ஒரு நாள் பேரை இழக்கச் சொல்வதற்கு லயத்தில் இருப்பவளுக்கு உரிமை உண்டு, ஆபீஸில் இருப்பவருக்கு இல்லை. ஆட்களை வேறு மலைக்கு மாற்றி முழுப் பேர் போடுவது தோட்டத்தை நடத்தும் துரைமார் நினைத்தால் ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். அதைச் செய்யாத தோட்டத்தில் "குட்டியைத் தொடாதே" என்று போர்டு எழுதி வைத்துப் பயனில்லை.

வீட்டில் வளர்க்கும் யோசனையை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 1937இன் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விடுங்கள், மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போயே பாதிக் குட்டிகள் ஒடுங்கிவிடும். பிழைத்தாலும் லயத்து நாயிடமிருந்து நோய் தொற்றும். குரங்குக் குட்டி என்றால் கொஞ்ச நாள் வரைக்கும் எல்லார் தோளிலும் ஏறும், பருவம் வந்ததும் பிள்ளைகளைக் கடிக்கும், அப்புறம் சங்கிலி. இலை தின்னும் குரங்கான மந்தியின் குட்டி என்றால் அதைவிட மோசம். அதன் வயிறு இலைக்கென்று அமைந்தது. பாசமாக ஊட்டிய பிஸ்கட்டும் வாழைப்பழமுமே அதைக் கொன்றுவிடும்.

மிஞ்சுவது கடினமான கேள்வி. தாய் உண்மையாகவே செத்திருந்தால்? பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டுவது நம் பக்கத்தில் புதிதல்ல. 2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்சபான தோட்டத்தில் மாட்டிய கருஞ்சிறுத்தையை அதே உடவளவைக்குத்தான் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் செத்துப்போனது. அப்படிச் செத்தது குட்டியோடு இருந்த பெண்ணாக இருந்தால், குட்டியை வளர்த்து மறுபடி விடலாமா?

உயிர் இரையைத் தானே பிடிக்கும் வரை மனித முகமே காட்டாமல், பெரிய அடைப்புக்குள் வைத்து வளர்க்க முடிந்தால், நடமாட்டமே இல்லாத பெருங்காடு ஒன்றும் கிடைத்தால், முயன்று பார்க்கலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அது கூண்டில் இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். யானைக்காகப் பேசும்போது கூண்டுக்கு எதிராக நின்றவன் இங்கே மாறிப் பேசுகிறேனே என்று யாரும் கேட்கலாம். போத்தலில் பால் குடித்த யானை ஊருக்குள் வந்தால் தூரத்திலேயே தெரியும், வெடி போட்டு விரட்டலாம். போத்தலில் பால் குடித்த சிறுத்தைக்கு மனிதன் என்றால் சாப்பாடு கொண்டுவருகிறவன். அதை ஹட்டன் பக்கம் கொண்டுவந்து விட்டால், பசித்த முதல் காலையில் அது நெருங்கிப் போவது நிரையில் கூடையோடு நிற்கும் ஒருத்தியிடம்தான்.