முன்தோட்டத்தைக் கார் நிறுத்துமிடமாக்கும் சேவை: வேலை நன்று, வழிகாட்டல் போதாது

இங்கிலாந்தில் புதிதாகக் கட்டப்பட்ட எங்கள் வீட்டின் முன்தோட்டத்தில், இரண்டாவது காருக்கு இடம் அமைத்துத் தந்த நிறுவனத்தின் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கற்களுக்கிடையே பொடிச்சல்லி நிரப்பியிருப்பதால், அடைமழையிலும் தண்ணீர் தேங்காமல் உள்ளிறங்குவதை வாசலில் நின்றே பார்த்தேன். 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போட்டு, மழைநீரைச் சாலைக்கு விட்டால் உள்ளாட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டு விதியையும் அவர்கள் சரியாகவே விளக்கினார்கள்.

ஆனால், வீட்டுப் பத்திரத்தில் கட்டுநர் சேர்த்திருந்த நிபந்தனையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. முன்புறப் புல்வெளியை மாற்றக் கூடாது என்ற அந்த வரியைச் சுட்டிக்காட்டி, வேலை முடிந்த மறுவாரமே குடியிருப்பு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. எல்லையோரச் செடிகளை வெட்டியதற்காகப் பக்கத்து வீட்டார் இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திட்ட அனுமதி தேவைப்படாவிட்டாலும் பத்திர நிபந்தனை தனியே நம்மைக் கட்டுப்படுத்தும் என்பதை, முன்பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? சாலையிலிருந்து கார் ஏறி வர நடைபாதை விளிம்பைத் தாழ்த்த உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதலையும் நானே அலைந்து பெற்றேன். கல் பதிக்க இவர்களைத் தயங்காமல் அழைக்கலாம். அதற்கு முன் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அந்த நிபந்தனை தொடர்பாகக் குடியிருப்பு நிர்வாகத்துக்கு நான் அனுப்பிய விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.