இஸ்தோப்பா, அடுப்படியா?

விடுமுறை கிடைத்தும் எங்கும் போக முடியாத நாட்களில், இலங்கை மலையகத்து வீட்டில் ஓய்வெடுக்க ஏற்ற இடங்கள் இரண்டு: வீட்டின் முன்தாழ்வாரமான இஸ்தோப்பும் அடுப்படியும்.

எது நல்லது என்பதை முதலில் மழையே தீர்மானிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி கிழக்கே ஊவா மாகாணத்துக்குள் இறங்கும்போது வறண்டுவிடுவதால், அதே மாதங்களில் அங்குள்ள பண்டாரவளையில் இஸ்தோப்பில் கதிரை போட்டு உட்காரலாம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ் பருவக்காற்றில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ்.

இஸ்தோப்பின் சிறப்பு, கண்ணுக்குக் கிடைக்கும் தூரம். காலையில் பள்ளத்தாக்கில் கிடக்கும் பனிமூட்டம் வெயில் ஏற ஏற விலகி, தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாகக் காட்டும்போது, வாரம் முழுவதும் உழைத்த உடம்புக்கு அதுவே பாதிப் பயணம். அக்கம்பக்கத்தார் வந்து கதைப்பதால், தனிமை மட்டும் அங்கே கிடைக்காது.

அடுப்படியில் சூடு உண்டு. இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேநீரும் சுட்ட மரவள்ளிக்கிழங்கும் கைக்கெட்டும். ஆனால் ஈர விறகின் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிப்பதால், ஜன்னலைத் திறந்துவைக்காமல் குழந்தைகளையும் முதியோரையும் அங்கே உட்காரவைப்பது சரியல்ல. மழை விடும்வரை காத்திருக்க நேர்ந்தாலும், நான் தேர்வது இஸ்தோப்பையே.