ஆய்வகத்துக்கு ஒரே ஆர்.சி.சி.பி. போதுமா, சர்க்யூட்டுக்கு ஓர் ஆர்.சி.பி.ஓ. வேண்டுமா?

எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய ஆய்வகக் கட்டடம் ஒன்றுக்குப் புதிதாக வயரிங் செய்ய ஒப்புதல் கிடைத்தபோது, மின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் எங்களிடையே நீண்ட விவாதத்துக்கு உள்ளானது கம்பியின் பருமனோ விளக்குகளின் வகையோ அல்ல. மின்னோட்டம் எர்த்துக்குக் கசிந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பாதுகாப்பை எந்த இடத்தில் வைப்பது என்பதுதான். மூன்று வழிகள் முன்னால் இருந்தன. ஒவ்வோர் ஆய்வகத்தின் டி.பி.யிலும் (மின்சாரத்தைச் சர்க்யூட்டுகளாகப் பிரிக்கும் பலகை) தலைப்பில், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் துண்டிக்கும் ஒரே ஒரு ஆர்.சி.சி.பி.யை, அதாவது கசிவை மட்டும் அறியும் கருவியை வைத்து, அதன்கீழ் வழக்கமான எம்.சி.பி.களைப் பொருத்துவது முதல் வழி. அதே இடத்தில் 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைப்பது இரண்டாவது. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனித்தனியே, ஆர்.சி.சி.பி., எம்.சி.பி. இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. வைப்பது மூன்றாவது. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். இதே முடிவை எடுக்கும் நிலையில் இருக்கும் மற்றக் கல்வி நிறுவனங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

இத்தகைய பாதுகாப்பு தேவையா என்ற கேள்வியை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. எம்.சி.பி. மிகைச்சுமையையும் ஷார்ட் சர்க்யூட்டையும் மட்டுமே அறியும். ஒரு மாணவரின் உடல் வழியாக எர்த்துக்குப் பாயும் மின்னோட்டம் அதைப் பொறுத்தவரை ஒரு சிறு விளக்கின் சுமைக்குச் சமம். மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிமுறைகளும், அவற்றுக்குப் பதிலாக 2023 இல் வந்த விதிமுறைகளும் கசிவுப் பாதுகாப்பைக் கேட்கின்றன. ஆகவே, எதை, எங்கே வைப்பது என்பதே பேசவேண்டியது.

100 மில்லி ஆம்பியர் வழியை விரைவில் ஒதுக்கிவிடலாம். கம்பியின் காப்பு சிதைந்து தீப்பற்றும் ஆபத்தைக் குறைக்க அது உதவும். தொட்டவரைக் காப்பாற்றும் என்று நம்பி வைக்கக்கூடாது. மனித உயிருக்கான கூடுதல் பாதுகாப்பு என்று தரநிலைகள் ஏற்பது 30 மில்லி ஆம்பியரும் அதற்குக் குறைவானதும்தான். தரையில் நீர் சிந்தும் வேதியியல் ஆய்வகத்திலும், மாணவர்களே இணைப்புகளைக் கொடுக்கும் மின் இயந்திர ஆய்வகத்திலும் இதில் சமரசத்துக்கு இடமில்லை. கட்டடத்தின் முதன்மைப் பலகையில், காலத் தாமதமுள்ள எஸ் வகையாக, கீழுள்ளவற்றுக்குப் பின்துணையாக 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் கருவி இருப்பது நல்லது. எங்கள் கட்டடத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. அது தனியே நின்று போதுமானதாகாது.

உண்மையான போட்டி முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் இடையேதான். ஒரே ஆர்.சி.சி.பி. வைப்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. செலவு குறைவு, டி.பி.யில் இடம் குறைவாகப் போதும், சோதிக்க வேண்டிய பொத்தானும் ஒன்றே. விளக்கும் மின்விசிறியும் நான்கைந்து பிளக் பாயிண்டுகளும் மட்டுமே உள்ள ஒரு வகுப்பறைக்கு இன்றும் இதையே நான் சொல்வேன். ஆனால் ஆய்வகம் வகுப்பறை அல்ல.

கணினி ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கணினியின் மின்வழங்கியிலும் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலும் சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். பழுது எதுவும் இல்லாதபோதும் அவற்றின் வழியே மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு மேசைக் கணினிக்குச் சுமார் 1 முதல் 1.5 மில்லி ஆம்பியர் என்று வைத்துத்தான் வடிவமைப்பாளர்கள் கணக்கிடுகிறார்கள். 30 மில்லி ஆம்பியர் என்று முகப்பில் அச்சிட்ட கருவி 15க்கு மேல் எந்த அளவிலும் ட்ரிப் ஆகலாம் (தானே துண்டித்துக்கொள்ளலாம்) என்று தரநிலையே அனுமதிக்கிறது. எனவே இயல்பான கசிவு 9 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது, அதாவது குறித்த அளவில் 30 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது பிரிட்டனின் பி.எஸ். 7671 விதி. அந்தக் கணக்கின்படி ஒரு கருவிக்கு ஆறு கணினிகள். அறுபது கணினிகள் உள்ள ஆய்வகத்துக்கு ஒரே ஒரு கருவி எப்படிப் போதும்?

ஆனாலும் சில இடங்களில் அது ட்ரிப் ஆகாமல் நிற்பதைப் பார்க்கலாம். மூன்று ஃபேஸ்களிலும் கணினிகள் சமமாகப் பகிர்ந்திருந்தால், மூன்றின் கசிவும், மூன்று ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து செல்லும் நான்கு துருவ ஆர்.சி.சி.பி.க்குள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துவிடும். ஒரு வரிசைக் கணினிகளை அணைத்தவுடன் அந்தச் சமநிலை கெட்டு, முழு ஆய்வகமும் இருண்டுவிடும். சுமையைக் குறைத்ததால் மின்சாரம் போகிறது என்பது, காரணம் தெரியாத ஆய்வக உதவியாளருக்குப் பெரும் குழப்பமாக இருக்கும்.

இருந்தாலும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது கசிவுக் கணக்கு அல்ல. மின் இணைப்புகளைப் பல பலகைகளாகப் பிரித்தால் அந்தச் சிக்கலைச் சமாளித்துவிடலாம். தீர்மானித்தது பராமரிப்பு, அதிலும் குறிப்பாக, ட்ரிப் ஆன பிறகு பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை.

பொதுவான ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆனால் எலக்ட்ரீசியன் செய்வது எல்லோருக்கும் தெரியும். எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக உயர்த்துவார். எதை உயர்த்தும்போது விழுகிறதோ அந்த சர்க்யூட்டில் பழுது என்று கொள்வார். ஃபேஸிலிருந்து எர்த்துக்குக் கசிவு இருக்கும்வரை இந்த முறை சரியாகவே வேலை செய்யும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தொடர்பு ஏற்பட்டிருந்தால் இது தவறான இடத்தைக் காட்டும். வழக்கமான ஒற்றைத் துருவ எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். எல்லா சர்க்யூட்டுகளின் நியூட்ரல்களும் பலகையின் பொது நியூட்ரல் லிங்க்கில் இணைந்தே இருக்கும். பழுதான சர்க்யூட்டின் எம்.சி.பி.யை இறக்கினாலும் அதன் நியூட்ரல் எர்த்தைத் தொட்டபடியே இருக்கும். அப்போது வேறொரு நல்ல சர்க்யூட்டில் சுமை ஏறினால், திரும்பி வரும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்தப் பழுதின் வழியே எர்த்துக்குப் பிரிந்துபோய்விடும், ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். பழியோ எந்தக் குறையும் இல்லாத சர்க்யூட்டின்மேல் விழும்.

அதைச் சரியாகக் கண்டுபிடிக்க, மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, நியூட்ரல் லிங்க்கிலிருந்து ஒவ்வொரு கம்பியையும் கழற்றி, கருவிகளின் பிளக்குகளையெல்லாம் உருவிவிட்டு, காப்பின் தடையை அளக்கும் மெகர் வைத்துப் பார்க்கவேண்டும். பத்துப் பன்னிரண்டு சர்க்யூட் உள்ள பலகையில் அது அரை நாள் வேலை. செய்முறைத் தேர்வு நடக்கும் நாளில் அரை நாளை யார் தருவார்கள்? தேர்வாளரும் துறைத்தலைவரும் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தும்போது நடப்பதைப் பல வளாகங்களில் பார்த்திருக்கிறேன்: ஆர்.சி.சி.பி.யின் மேல்முனையிலிருந்து கீழ்முனைக்கு ஒரு லூப் வயர் போடப்படுகிறது. தேர்வு முடிந்த பிறகும் அந்த வயர் அங்கேயே இருந்துவிடுகிறது. முகப்பில் கைப்பிடி மேலே நிற்பதால் பாதுகாப்பு இருப்பதாகவே எல்லோரும் நம்புகிறார்கள். பொதுக் கருவியின் மிகப்பெரிய குறை இதுதான். கருவியில் பிழை இல்லை. அதைச் சார்ந்திருப்பவர்களின் எண்ணிக்கை மிக அதிகமாக இருப்பதால், அதை முடக்கிவிடும்படி எழும் அழுத்தமும் மிக அதிகமாகிவிடுகிறது.

இரட்டைத் துருவ ஆர்.சி.பி.ஓ. அந்தந்த சர்க்யூட்டின் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கிறது. நியூட்ரல் எர்த்தைத் தொட்டாலும் அந்த ஒரு சர்க்யூட் மட்டுமே விழும். எங்கே தேடவேண்டும் என்பதைப் பலகையே சொல்லிவிடும். ஆறு கணினிகள் நின்றால் ஆறு மாணவர்களை வேறு இடத்தில் உட்காரவைத்துத் தேர்வைத் தொடரலாம். லூப் வயர் போடவேண்டிய அவசரம் எழுவதில்லை.

வேதியியல் ஆய்வகத்தில் இதன் பயன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. காய்ச்சி வடிக்கும் கருவி, நீர்த்தொட்டி, ஹாட் பிளேட் போன்றவற்றின் ஹீட்டர்களுக்குள் காப்பாக நிரப்பியிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. கோடை விடுமுறைக்குப் பிறகோ அடைமழைக் காலத்திலோ, நீண்ட நாள் சும்மா இருந்த ஹீட்டரை முதன்முதலாகப் போடும்போது கசிவு 30 மில்லி ஆம்பியரை எளிதாகத் தாண்டும். உலர்த்தியெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரே ஆர்.சி.சி.பி. இருந்தால், அந்த ஒரு ஹீட்டருக்காக நச்சுப்புகையை வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டின் விசிறியும் நின்றுவிடும். மாதிரிகள் வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டியும் நின்றுவிடும். வெள்ளிக்கிழமை மாலை நின்றது திங்கட்கிழமை காலையில்தான் தெரியவரும் என்றால், ஓர் ஆராய்ச்சி மாணவரின் பல மாத உழைப்பு அழிந்துபோகலாம். குளிர்பதனப் பெட்டிக்கும் ஃபியூம் ஹூட்டுக்கும் தனித்தனி சர்க்யூட்டும் தனி ஆர்.சி.பி.ஓ.வும் கொடுத்தது இந்த மாற்றத்தில் நாங்கள் செய்த மிகப் பயனுள்ள செயல் என்று கருதுகிறேன்.

மூன்றாம் வழியின் சுமைகளையும் சொல்லியாக வேண்டும். ஓர் ஆர்.சி.பி.ஓ.வின் விலை ஓர் எம்.சி.பி.யின் விலையைப் போலப் பல மடங்கு. நாங்கள் வாங்கியவை இரண்டு மாட்யூல் அகலமுள்ளவை என்பதால் பழைய டி.பி. பெட்டிகள் எதுவும் பயன்படவில்லை. மாதந்தோறும் அழுத்திப் பார்க்கவேண்டிய சோதனைப் பொத்தான்கள் ஒன்றிலிருந்து பன்னிரண்டாகப் பெருகுகின்றன. பதிவேட்டில் அவ்வளவு வரிகளையும் நிரப்ப ஆள் வேண்டும். விடுமுறைக் காலங்களில் டெஸ்ட்டர் வைத்து, 15 மில்லி ஆம்பியரில் விழாமல் நிற்கிறதா, 30இல் 300 மில்லி விநாடிக்குள்ளும் 150இல் 40 மில்லி விநாடிக்குள்ளும் விழுகிறதா என்று ஒவ்வொன்றையும் பார்க்கவேண்டும். விழுந்தது மிகைச்சுமையாலா கசிவாலா என்று தனியே காட்டும் மாதிரிகளும் உண்டு, காட்டாதவையும் உண்டு. காட்டுபவை கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கலாம்.

இவற்றைவிடக் கடினமானது பழைய வயரிங்கின் நியூட்ரல் குழப்பம். பல ஆண்டுகளாக ஒட்டும் வெட்டுமாக நீட்டிக்கப்பட்ட கட்டடங்களில், ஒரு சர்க்யூட்டின் ஃபேஸுக்கு வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலை எடுத்திருப்பார்கள். எம்.சி.பி. இருந்தவரை யாருக்கும் தெரியாது, ஆர்.சி.பி.ஓ. வைத்து முதல் விளக்கைப் போட்டவுடனே தெரிந்துவிடும். முழுமையாகப் புதிய வயரிங் செய்ததால் எங்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வரவில்லை. பழைய கம்பிகளை வைத்துக்கொண்டு பலகையை மட்டும் மாற்ற நினைப்பவர்கள், நியூட்ரல்களைப் பிரித்தெடுக்கும் வேலைக்குத் தனியாக நாளும் பணமும் ஒதுக்காமல் இதில் இறங்கவேண்டாம்.

யு.பி.எஸ். பின்னால் வரும் பலகைகளில் இன்னொரு கவனம் தேவை. யு.பி.எஸ்.ஸுக்கு வரும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் நான்கு துருவ ஸ்விட்ச் முன்னால் இருந்து, அது திறந்த நிலையில் பேட்டரியில் ஓடும்போது, வெளியீட்டு நியூட்ரலுக்கு எர்த்தோடு உள்ள தொடர்பு அறுந்துபோகக்கூடும். அப்போது பின்னால் இருப்பது ஆர்.சி.சி.பி.யானாலும் ஆர்.சி.பி.ஓ.வானாலும் கசிவை எதிர்பார்த்தபடி அறியாது. வெளியீட்டில், இரு பக்கச் சுற்றுகளையும் நேரடித் தொடர்பின்றிப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அதன் இரண்டாம் சுற்றின் நியூட்ரலை அங்கேயே எர்த்துடன் இணைப்பது தீர்வு. இதில் இரண்டு வழிகளும் சமம்தான்.

மின் இயந்திர ஆய்வகத்தைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசத் தயங்குகிறேன். மோட்டாரின் வேகத்தை மாற்றும் மூன்று ஃபேஸ் வி.எஃப்.டி. டிரைவ்களில் பழுது வந்தால் கசிவில் நேர்மின்னோட்டம் கலக்கலாம், மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் அறியும் ஏ.சி. வகைக் கருவி அதில் செயலற்றுப் போகலாம், துடிக்கும் நேர்மின்னோட்டத்தையும் அறியும் ஏ வகையும் சீரான நேர்மின்னோட்டத்தை 6 மில்லி ஆம்பியர் வரைதான் தாங்கும். அங்கே சீரான நேர்மின்னோட்டக் கசிவையும் அறியும் பி வகை தேவை. அதன் விலை மிக அதிகம். சில மேசைகளுக்கு மட்டுமே வாங்கியிருக்கிறோம். அவை பயன்பாட்டுக்கு வந்து அதிக காலம் ஆகாததால், அதை வைத்துப் பிறருக்கு ஆலோசனை சொல்வது முறையாகாது. ஆர்.சி.பி.ஓ.க்களின் ஆயுளைப் பற்றியும் என்னால் இப்போதைக்குச் சொல்லமுடியாது.

ஒப்பந்தப்புள்ளி எழுதுபவர்களுக்காக எங்கள் விவரக்குறிப்பைத் தருகிறேன். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 12640 பகுதி 2இன்படியான ஆர்.சி.பி.ஓ.; இரட்டைத் துருவம்; 30 மில்லி ஆம்பியர்; ஏ வகை; மின்னழுத்தத்தைச் சாராமல் இயங்கும் இயந்திர அமைப்பு. கடைசி நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். விலை குறைந்த மின்னணு வகைகள் தாம் இயங்குவதற்கே ஃபேஸும் நியூட்ரலும் கேட்பவை. வரும் நியூட்ரல் அறுந்தால் அவை உறங்கிவிடும், ஃபேஸோ சர்க்யூட்டில் உயிரோடு இருக்கும். குறிப்பில் எழுதாவிட்டால் மிகக் குறைந்த விலைப்புள்ளியில் வருவது அதுவாகவே இருக்கலாம்.