ரிசீவரில் முறிந்த ஸ்கோப் ஸ்க்ரூ: நான்கு சீசன் கழித்து எழுதுகிறேன்

டெக்சாஸில் மான் சீசன் நவம்பர் தொடக்கத்தில் திறக்கும். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது என்னுடைய .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் தடம் மாறியது. நூறு கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் நாலைந்து அங்குலத்துக்குச் சிதறின. குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்தான் போய்விட்டது என்று நினைத்துக் கழற்றினேன். ஸ்கோப்பைத் தாங்கும் தட்டான பேஸின் முன்பக்கத்தை விரலால் அழுத்தினால் லேசாக ஆடியது. ஸ்க்ரூவைக் கழற்ற எல் சாவியை வைத்ததும் முன் ஸ்க்ரூ இரண்டின் தலையும் தனியாக வந்துவிட்டது. தண்டுகள் ரிசீவருக்குள்ளேயே, அதாவது குழல் பொருந்தியிருக்கும் எஃகு உடலுக்குள்ளேயே, நின்றுவிட்டன.

இதே நிலையில் யாராவது இருந்தால், முதலில் போல்ட்டை (குண்டைத் தள்ளிப் பூட்டும் உருளையை) உருவி, குண்டு உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு ஒரு நாள் எதையும் தொடாமல் இருங்கள். நான் இருக்கவில்லை.

தலை போன ஸ்க்ரூவில் இழுவிசை எதுவும் மிச்சமில்லை. அதைப் பிடித்து வைத்திருப்பது துருவோ பசையோ மட்டும்தான். முதல் துண்டு அப்படித்தான் வந்தது. ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, கூரான ஸ்க்ரைபரால் முறிந்த முகத்தின் ஓரத்தை இடப்பக்கமாகத் தள்ளினேன். முதலில் வழுக்கியது. ஐந்தாறு முறைக்குப் பின் மயிரிழை அளவு நகர்ந்தது. அதன்பிறகு மரை மரையாக மேலே ஏறி வந்தது.

இரண்டாவது துண்டு அசையவே இல்லை. விளிம்பில் சிவப்பாகக் காய்ந்த பசை தெரிந்தது. முன்பு வைத்திருந்தவர் மரையை இறுக்கிப் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நிரந்தர வகையைப் போட்டிருக்கிறார். அது இளக 250 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். பின்பக்க ஸ்க்ரூக்களுக்குத் தலை இருந்ததால், சால்டரிங் அயர்னின் முனையைத் தலையிலேயே சில நிமிடம் அழுத்திப் பிடித்துக் கழற்ற முடிந்தது. தீ உமிழும் கேஸ் டார்ச் வைத்து ரிசீவரைச் சூடாக்குவது மட்டும் கூடவே கூடாது. எஃகின் பதம் கெட்டுப்போனால் அந்தத் துப்பாக்கியைச் சுடவே நம்ப முடியாது.

முறிந்த துண்டில் சிறிய துளை போட்டு, முறிந்த ஸ்க்ரூவைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் என்ற கருவியைச் செருகினேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். இந்த ஸ்க்ரூக்கள் 6-48 அளவு: வெளி விட்டம் 3.5 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 48 மரை. அதற்குள் நுழையும் ஈஸி அவுட் ஊசி போல மெலிந்தது, கண்ணாடி போல நொறுங்குவது. அது உள்ளேயே ஒடிந்தது. சாதாரண டிரில் பிட் அதைக் கீறக்கூட இல்லை.

டெக்சாஸின் லானோ ஊர்ப் பக்கம், துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் கொண்டுபோனேன். அவர் ரிசீவரை மில்லிங் மெஷினில் மட்டம் பார்த்துக் கட்டி, கார்பைடு கட்டரால் ஒடிந்த எஃகைத் துளித்துளியாக அரைத்து எடுத்தார். ஈஸி அவுட் போடாமல் வந்திருந்தால் இடதுசுற்று டிரில்லை மெதுவாக ஓட்டியிருப்பேன், பாதி நேரம் துண்டு அந்தச் சுற்றிலேயே கழன்று வந்துவிடும் என்றார். இப்போது அந்தத் துளையின் மரை கெட்டுவிட்டதால் நான்கு துளைகளையும் இன்னும் தடித்த 8-40 அளவு ஸ்க்ரூவுக்கு மாற்றினார். மரைப் பள்ளத்தின் அடியில் அளந்தால் 6-48 சுமார் 2.85 மில்லிமீட்டர், 8-40 சுமார் 3.4. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தாங்கும் குறுக்குப் பரப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுகிறது. பேஸின் துளைகளையும் அதற்கேற்ப விரிக்க வேண்டும்.

முறிந்ததற்கான காரணத்தையும் அவரே காட்டினார். பழைய பேஸின் அடியில் ஒரே ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. மீதி இடம் ரிசீவரில் உட்காரவே இல்லை. சுடும்போது ரைஃபிள் பின்னால் பாய்கிறது, ஸ்கோப்பின் எடை நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பேஸ் முழுதாகப் படிந்திருந்தால் அந்த உதையை உராய்வே தாங்கிவிடும். படியாவிட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்க்ரூவின் கழுத்துதான் வெட்டுப்படும். நீளமான எல் சாவியால் முறுக்கி இறுக்கினால் அது இன்னும் சீக்கிரம் போகும்.

அதன்பிறகு அறுநூறு குண்டுக்கு மேல் சுட்டுவிட்டேன். பேஸாக புது எஃகு ரெயிலைப் பொருத்தும்போது துளைகளை அசிட்டோனால் துடைத்து, நீல லாக்டைட் ஒரு சிறு சொட்டு வைத்து, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் டிரைவரில் 25 இன்ச் பவுண்டு கொடுத்தோம். 6-48 என்றால் 15 முதல் 20 வரை போதும். ரிசீவரின் முன் வளையத்தில் உள்ள பின்துளைக்கு மட்டும் ஸ்க்ரூ நீளத்தை மறுபடி மறுபடி பாருங்கள். அரை மரை நீண்டாலும் போல்ட் மூடும்போது அதன் பூட்டுப் பல்லான லக்கில் உரசும்.

ஒரு குறை உண்டு. கடையில் கிடைக்கும் பேஸ்களில் பல 6-48 துளையோடுதான் வருகின்றன, 8-40 தேடித்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூத் தலையிலிருந்தும் ரெயிலுக்கு வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். சீசனுக்கு முன்னால் டார்ச் லைட் அடித்துப் பார்ப்பேன். நாலு வருடமாக நாலு கோடும் நேராகவே இருக்கின்றன.